கம்ப்யூட்டர் வாங்கறதுக்கு முன்னால ஊர் வோல்டேஜைக் கேளுங்க



மஞ்சள், வாழை, மாடுன்னு எழுதிக்கிட்டிருந்த ஆளு இப்ப கம்ப்யூட்டர் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. பத்தாவதோட படிப்பை முடிச்சவன் நான். ஆனாலும் 54 வயசுல ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமா தேர்ந்தெடுத்து வாங்கி, வீட்டுத் திண்ணையில உக்காந்து மாட்டி ஓட விட்டிருக்கேன். அதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாயிருக்குது. சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு, ஊர்ல இருக்கற தம்பிக்கும் அண்ணன் மகளுக்கும் "இதை வாங்கு, அதை வாங்கு"ன்னு லிஸ்ட் போட்டு அனுப்பறீங்க பாருங்க, உங்ககிட்டத்தான் அதைச் சொல்லணும்.

எங்க வீட்டுக்கு முதல்ல வந்த கம்ப்யூட்டர் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த இலவச லேப்டாப். நான் தமிழ்ல தட்டப் பழகினது அதுலதான். சின்னவ சிவில் டிப்ளமோ முடிச்சவ. கோபி, பவானி பக்கத்து இன்ஜினியருங்க குடுக்கற வீட்டு பிளான்களை வீட்டுல இருந்தே வரைஞ்சு குடுப்பா. அதுக்காக 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய அசெம்பிள் செட் வாங்கினோம். "ஐ7 ஐயா, ராக்கெட் மாதிரி போகும்"னு சொல்லித்தான் கடைக்காரர் குடுத்தார்.

2023 சித்திரையில ஒரு சாயங்காலம் கோடை மழை பிடிச்சுது. காத்துல தென்னை மட்டை விழுந்து எங்க வரிசைக்கு வர்ற நியூட்ரல் கம்பி அறுந்து போச்சு. டவுன்ல இருக்கறவங்களுக்கு இது என்னன்னு தெரியாம இருக்கலாம். மூணு பேஸ் கரண்ட் வீடுகளுக்கு ஒவ்வொரு பேஸா பிரிஞ்சு போகுது. அத்தனைக்கும் பொதுவா திரும்பற வழிதான் நியூட்ரல். அது அறுந்தா ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கற 400 வோல்ட்டை வீடுகள் பங்கு போட்டுக்கும். பங்கு சமமா இருக்காது. கம்மியா கரண்ட் இழுக்கற வீட்டு மேலதான் வோல்டேஜ் ஏறி உக்காரும். அன்னிக்கு எங்க வரிசையில நாலு டிவி, ரெண்டு ஃபேன், எங்க கம்ப்யூட்டர், எல்லாம் ஒண்ணாப் போச்சு.

பெட்டியைத் திறந்து பாத்தா, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் வெடிச்சிருந்துச்சு. அது மட்டும் செத்திருந்தா பரவாயில்ல. போறப்ப மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுல 11 வீட்டோட வரைபடம். ஒருத்தர் பேங்க் லோனுக்காக மறுநாள் பிளானைக் குடுக்க வேண்டியவர். என் மக பக்கத்து ஊர் சிநேகிதி கம்ப்யூட்டர்ல ஒன்பது ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சா. சொந்தக்காரங்க வாய் சும்மா இருக்குமா? "காட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர் வேலையா? டவுனுக்கு அனுப்பு, இல்லைன்னா கட்டிக்குடு"ன்னாங்க. அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அப்பா, இன்னொரு தடவை இப்படி ஆகாத மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மஞ்சள் வித்த காசுல 40,000 ஒதுக்கினேன். சென்னையில சாஃப்ட்வேர்ல இருக்கற என் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். தங்கமான பையன். அரை மணி நேரத்துல லிஸ்ட் அனுப்பிட்டான். கிராபிக்ஸ் கார்டு, பக்கமெல்லாம் கண்ணாடி வெச்ச கேபினெட், கலர் கலரா எரியற ஃபேன். கடைசி வரியில, "மிச்சக் காசுக்கு ஏதாச்சும் ஒரு எஸ்எம்பிஎஸ் போட்டுக்கலாம் மாமா."

"மாப்பிள்ளை, எங்க ஊர்ல வோல்டேஜ் எவ்வளவுன்னு நீ கேக்கவே இல்லையே?"ன்னேன்.

"230 தானுங்க மாமா?"

அவனுக்கு 230 தான். அவன் ஃப்ளாட்ல எப்பவும் 230 வரும். நான் மோட்டாருக்கு வெச்சிருக்கற மல்டிமீட்டரை எடுத்து ஒரு வாரம் மூணு நேரமும் அளந்து எழுதி வெச்சேன். விடியக்காலம் 235. எல்லாக் காட்டுலயும் மோட்டார் ஓடற நேரம் 180. ஒருநாள் 168 வரைக்கும் எறங்குச்சு. ராத்திரி மோட்டாரெல்லாம் நின்ன பொறவு 250. இந்தக் கரண்டுல ஓடப் போற கம்ப்யூட்டருக்கு 230ல ஓடற கம்ப்யூட்டரோட லிஸ்ட் எப்படிப் பொருந்தும்?

கிணத்துக்கு மோட்டார் வாங்கறப்ப நாங்க முதல்ல எத்தனை எச்பின்னு கேக்கறதில்ல. எத்தனை அடி ஆழம், எவ்வளவு தண்ணி ஊறும், லைன்ல என்ன வோல்டேஜ் வரும், இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் எச்பிக்கு வருவோம். அந்தக் கணக்கைத்தான் இதுக்கும் போட்டேன். என்ன வேலை, எந்தக் கரண்ட், எந்த எடம். இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டு ஒவ்வொரு பாகமா பாத்தேன்.

முதல்ல ப்ராசசர். பழைய செட்டை "ஐ7"ன்னு சொல்லிக் குடுத்தாங்களே, அதுல எனக்கு ஒரு பாடம் கிடைச்சுது. ஐ7ங்கற பேரு 2008லயே வந்துட்டுது. எங்க வீட்டுல இருந்தது ஐ7-2600. அந்த 2600ல முன்னால இருக்கற 2 தான் தலைமுறை. 2011ல வந்த சரக்கு. 2022ல வந்த ஐ3-12100 அதைவிட வேகம். அதுல முன்னால இருக்கற 12 தலைமுறை. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மாடு பிடிக்கறவன் கொம்பையும் நிறத்தையும் பாத்துட்டு காசு குடுப்பானா? வாயைத் திறந்து பல்லைப் பாப்பான். மாட்டுக்குப் பல்லு, ப்ராசசருக்கு அந்த நம்பர். "ஐ7 செட் 15,000"னு விளம்பரம் பாத்தீங்கன்னா முதல்ல பல்லைக் காட்டச் சொல்லுங்க.

கோயமுத்தூர்ல ஒரு கடையில பழைய சர்வர்ல இருந்து கழட்டின ப்ராசசரைக் காட்டி, "10 கோர் ஐயா, இந்த விலைக்குக் கிடைக்காது"ன்னார் கடைக்காரர். ஆனா என் மகளோட வேலை ஆட்டோகேட். அது பெரும்பாலும் ஒரே கோர்ல ஓடற மென்பொருள். பத்து ஏர் நின்னாலும் உழவு ஒரே சால்ல போகுதுன்னா ஒன்பது மாடு சும்மா நின்னு தீனி தின்னும். கோர் எத்தனைங்கறதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம்ங்கறதுதான் அவளுக்கு முக்கியம்.

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி எடுத்தோம். 6 கோர். கடைசியில இருக்கற அந்த "ஜி"யைக் கவனிங்க. ஜி இருந்தா ப்ராசசருக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்குது, தனிக் கார்டு வேண்டாம். வெறும் 5600 வாங்கினா கார்டு இல்லாம மானிட்டர்ல படமே வராது. இன்டெல்ல இதுக்கு நேர் எதிர். நம்பருக்குப் பின்னால "எஃப்" இருந்தா கிராபிக்ஸ் கிடையாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். தெரியாம வாங்கிட்டு வந்தா 90 கிலோமீட்டர் திரும்பப் போகணும். கிராபிக்ஸ் கார்டுக்கான எடத்தைக் காலியா விட்டுட்டோம். 3டி வேலை அதிகமா வந்தா அந்தக் காசுலயே வாங்கிக்கலாம். வேலை வர்றதுக்கு முன்னாலயே கார்டு வாங்கறது மழை வர்றதுக்கு முன்னால விதைக்கற மாதிரிங்க. பலிச்சாலும் பலிக்கும், கருகினாலும் கருகும்.

ரெண்டாவது மதர்போர்டு. 5600ஜி உக்கார்றது ஏஎம்4ங்கற சாக்கெட்ல. புது ஏஎம்5 சாக்கெட் 2022லயே வந்துட்டுது, அதுல டிடிஆர்5 மெமரி மட்டும்தான் போடலாம், மொத்தச் செலவும் கூடும். ஏஎம்4க்கு டிடிஆர்4 போதும். ஆனா பி450 மாதிரி பழைய போர்டு பெட்டியில நாள்பட்டுக் கிடந்ததா இருந்தா, உள்ள இருக்கற பயாஸ் பழசாகி, புது ப்ராசசரை அடையாளம் தெரியாம முழிக்கும். பெட்டி மேல ரைசன் 5000க்குத் தயார்னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்து வாங்கணும். இல்லைன்னா கடையிலயே ஓட விட்டுக் காட்டச் சொல்லணும். அப்படிக் காட்டச் சொன்னப்ப கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தார். பாத்தா பாக்கட்டும்.

மெமரியில ஒரு 16 ஜிபி குச்சியை விட ரெண்டு 8 ஜிபி குச்சி நல்லது. ரெண்டு வழியில ஒரே நேரத்துல வேலை நடக்கும். உள் கிராபிக்ஸும் இதே மெமரியைத்தான் கடன் வாங்கிக்குது, அதனால வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எம்.2 எஸ்எஸ்டி போட்டோம். எம்.2லயே சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு ஜாதி உண்டு, பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். சாட்டா நொடிக்கு 550 எம்பிக்கு மேல போகாது. என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு. விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

கேபினெட்டோட இலவசமா ஒரு எஸ்எம்பிஎஸ் குடுத்தாங்க. மேல பெரிய எழுத்துல 450 வாட்ஸ். திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். கம்ப்யூட்டர்ல ப்ராசசரும் கார்டும் முக்கியமா இழுக்கறது அந்த 12 வோல்ட்லதான். பன்னெண்டைப் பதினாறால பெருக்குங்க, 192. தகட்டுல 5 எச்பின்னு அடிச்சிட்டு 3 எச்பி தண்ணி கூட இறைக்காத மோட்டாரை நாங்க எத்தனை பாத்திருக்கோம்! கடைசியா நான் வாங்கினதுல 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர். பெருக்கினா 432. 450ன்னு அவங்க போட்டதுக்கு அதுல ஒரு நியாயம் இருக்குது.

ரெண்டாவது, உள்ள வர்ற வோல்டேஜ். சில எஸ்எம்பிஎஸ்ல 200-240ன்னு போட்டிருக்கும், சிலதுல 100-240ன்னு இருக்கும். சாயங்காலம் 180 வர்ற ஊர்ல 200-240 என்ன பண்ணும்? டவுன்காரங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்களுக்கு அந்த 100ங்கற நம்பர்தான் உசிரு.

மூணாவது, 80 ப்ளஸ் ப்ரான்ஸ், கோல்டுன்னு போடற முத்திரை. அது உள்ள வாங்கற கரண்டை எவ்வளவு வீணாக்காமக் குடுக்குதுங்கறதுக்கு மட்டும்தான். பாதுகாப்புக்கான முத்திரை இல்ல. வோல்டேஜ் எகிறினா நிறுத்தற ஏற்பாடு, ஷார்ட் ஆனா நிறுத்தற ஏற்பாடு இருக்குதான்னு பெட்டியில தனியாப் படிச்சுப் பாக்கணும். நியூட்ரல் அறுந்தா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் செத்துப் போகலாம், அதுக்கு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. ஆனா பெரும்பாலும் தான் மட்டும் சாகும். 4,000 ரூபாய்ப் பொருள் செத்து 30,000 ரூபாய்ப் பொருளும் மகளோட உழைப்பும் தப்பிச்சா அது லாபம்தானுங்க. எலிக்குப் பயந்து குதிருக்குத் தகரம் அடிக்கறோமே, அந்தச் செலவு மாதிரி.

இதோட ஒரு 600 விஏ யுபிஎஸ். வோல்டேஜ் கூடிக் குறைஞ்சா தானே சரி பண்ணிக் குடுக்கற வகை. 600ன்னதும் 600 வாட்ஸ்னு நினைச்சுக்காதீங்க, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் வரும். எங்க செட்டுக்கு அது தாராளம். உள்ள இருக்கற பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல ஓஞ்சு போகும், மாத்திக்கணும்.

காசில்லாத ஒரு பாகமும் இருக்குது. எர்த். பல கிராமத்து வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால கம்பியே இருக்காது. அந்த மாதிரி எடத்துல கேபினெட்டைத் தொட்டா கை சுர்ருங்கும், டெஸ்டர் வெச்சா லேசா எரியும். கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. கெட்டது கம்ப்யூட்டர் இல்ல. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற ஃபில்டர்ல இருந்து கசியற கரண்டு எர்த் வழியா மண்ணுக்குப் போகணும், வழி இல்லாம கேபினெட்ல நிக்குது. வாழைத் தோப்பு ஓரமா குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுக் குழாய் எறக்கினேன். கோடையில அதுக்கும் ரெண்டு குடம் தண்ணி ஊத்தறேன். எந்த லிஸ்ட்லயும் இந்தப் பாகம் இருக்காது.

கேபினெட் விஷயத்துல மாப்பிள்ளை மேல எனக்குக் கோபமே இல்ல. அவன் வீட்டுல கண்ணாடிப் பெட்டி அழகாத்தான் இருக்கும். எங்க வீட்டுல மஞ்சள் மெருகு ஏத்தற தூசி, பல்லி, எலி. காத்து உள்ள போற வழியெல்லாம் கழட்டிக் கழுவற வலை இருக்கணும். பின்னால கார்டு மாட்டற எடத்துல மூடி ஒண்ணு கூட விடுபடக் கூடாது. எலிக்கு அந்த ஓட்டை போதும். 2,500 ரூபாயில தகரப் பெட்டிதான் வாங்கினோம். விளக்கு எரியாது.

வரைபடங்களுக்கு ஒரு நகல். பெட்டிக்குள்ளயே ரெண்டாவது டிஸ்க் போட்டா, ஒரே வோல்டேஜுல ரெண்டும் போகும். விதை நெல்லை எல்லாத்தையும் ஒரே குதிர்ல வைப்போமா? அதனால வெளிய வெக்கற டிஸ்க். தினமும் ராத்திரி நகல் எடுத்துட்டு கழட்டி பீரோவுல வெச்சிருவா.

கணக்கு: ப்ராசசர் 11,500. போர்டு 7,500. மெமரி 3,600. எஸ்எஸ்டி 2,800. வெளி டிஸ்க் 4,200. எஸ்எம்பிஎஸ் 4,000. கேபினெட் 2,500. யுபிஎஸ் 3,600. மொத்தம் 39,700. மானிட்டர், கீபோர்டு பழசு. இது 2023 ஐப்பசியில குடுத்த விலை. மெமரி விலையும் தக்காளி விலையும் ஒரு ஜாதி, இன்னிக்கு இதே விலைக்குக் கேட்டுக்கிட்டுப் போய் நிக்காதீங்க. "பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் மிச்சம் ஐயா"ன்னும் கடையில சொன்னாங்க. பில் இல்லாமப் போனா கேரண்டிக்கு யார்கிட்டப் போய் நிக்கறது? பெட்டியோட வர்ற ப்ராசசருக்கு 3 வருஷ கேரண்டி இருக்குது, அதைப் பாக்காம அந்த 18 சதவீதத்துக்கு ஆசைப்படறது மடத்தனம்.

"லேப்டாப் வாங்கியிருந்தா பேட்டரியும் உள்ளயே இருக்குமே?"ன்னு நீங்க கேக்கறது நியாயம். படிக்கற பசங்களுக்கு அதுதான் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா தினமும் எட்டு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து வரையறவளுக்கு பெரிய திரை வேணும். அப்புறம் லேப்டாப்ல போர்டு போச்சுன்னா பாதி விலை போச்சு. இதுல எது போச்சோ அதை மட்டும் மாத்திக்கலாம். ஸ்டார்ட்டர் போனா ஸ்டார்ட்டரை மாத்தறோம், கிணத்தையா மூடறோம்?

மாட்டற வேலை ஒரு மத்தியானம் ஆச்சு. ஜன்னல் கம்பியைத் தொட்டுட்டுத் தொட்டுட்டுத்தான் போர்டுல கை வெச்சோம், உடம்புல இருக்கற நிலை மின்சாரம் எறங்கணும்னு. எல்லாம் முடிச்சு சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, படம் வரலை. வீட்டுக்காரி சமையக்கட்டுல இருந்து, "நாப்பதாயிரமுங்க"ன்னு மட்டும் சொன்னா. எனக்கு வேர்த்துப் போச்சு. மக மெமரிக் குச்சியைக் கழட்டி மறுபடி வெச்சு, நல்லா அழுத்தினா. ரெண்டு பக்கமும் "டக்"னு சத்தம் கேட்டுச்சு. படம் வந்துருச்சு. அதுவரைக்கும் பாதிதான் உக்காந்திருக்குது.

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். ஊருக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைக்கறது நல்ல மனசு. லிஸ்ட் போடறதுக்கு முன்னால போன் போட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் எவ்வளவுன்னு கேளுங்க. பிளக்ல எர்த் இருக்குதான்னு கேளுங்க. என்ன வேலைக்குன்னு கேளுங்க. அந்தப் பதிலுக்குத் தகுந்த எஸ்எம்பிஎஸ்ஸை முதல் வரியில எழுதிட்டு, மிச்சக் காசுக்கு மத்ததை எழுதுங்க. காசு பத்தலைன்னா ப்ராசசர்ல ஒரு படி எறங்குங்க, எஸ்எம்பிஎஸ்ல எறங்காதீங்க. ஊர்ல இருந்தே பிழைச்சுக்கலாம்னு நினைக்கற ஒரு பிள்ளையோட மூணு மாச உழைப்பு அந்தக் கருப்பு டப்பாவை நம்பித்தான் இருக்குது.

இதை எழுதிக்கிட்டிருக்கறப்பவும் நேரம் ஏழு மணிதான். சுத்திலும் மோட்டார் ஓடுது. குழல் விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. மேசைக்கடியில யுபிஎஸ் அப்பப்ப "டிக்"ங்குது. "அப்பா, சீக்கிரம் முடிங்க, எனக்கு ஒரு மாடிப்படி வரைய வேண்டியிருக்குது"ன்னு மக பின்னால வந்து நிக்கறா. எந்திரிக்கறேன்.